சுவரில் படம் இல்லாதவர்கள்

காஜா பேராங், மலாக்கா
6-4-1957

தங்கை சிவகாமசுந்தரிக்கு அக்காள் சாரதாம்பாள் எழுதுவது.

நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பேத்தி சந்திரமதி இங்கிலாந்தில் கிர்க்பியில் ஆசிரியைப் படிப்பு இரண்டாம் வருஷம். குளிருக்குக் கம்பளிச் சட்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு எனக்குத் தமிழில் எழுதுகிறாள். எழுத்துப் பிழை உண்டு, அதை நான் வெளியே சொல்வதில்லை. அடுத்தவன் கணேசமூர்த்தியைச் சிங்கப்பூரில் டாக்டர் படிப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். சின்னவன் கருணாகரன் சீனியர் கேம்பிரிட்ஜில் முதல் கிரேடு. பேப்பரில் வந்த பெயரை வெட்டிச் சாமி படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். உன் பேரன் ஜெயபாலன் கோலாலம்பூரில் இன்ஜினீயர் வேலைக்குப் படிப்பதாகக் கேள்விப்பட்டேன். அவனையும் சேர்த்துத்தான் கோயிலில் எல்லோரிடமும் சொல்கிறேன். என்னை ஐந்தாம் வகுப்போடும் உன்னை ஏழாம் வகுப்போடும் அப்பா நிறுத்தினார். பார், பிள்ளைகள் எங்கே போய்விட்டார்கள் என்று.

அம்மா திதிக்கு வந்துவிட்டு நீ கோபமாகப் போன பிறகு நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இப்போது எழுதுவதும் ஒரு காரியம் இருப்பதால்தான். மறைப்பானேன்.

டவுன் ஆபீசிலிருந்து ஒரு காகிதம் வந்திருக்கிறது. வீட்டு அறையை நாள் கணக்கில் வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லோரும் ஜூன் மாதத்துக்குள் லைசென்ஸ் எடுக்க வேண்டுமாம். மாதக் கணக்கில் குடிவைத்தால் வேண்டாமாம், ஒரு ராத்திரி இரண்டு ராத்திரி தங்க வைத்தால்தான் வேண்டுமாம். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் ஒரு ராத்திரி ஜனங்கள்தான். எஸ்டேட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள். உள்ளே நோயாளிக்குக் கட்டில் உண்டு, கூட வந்தவர்களுக்கு என்ன உண்டு? ஓட்டலுக்குப் போனால் ஒரு வாரக் கூலி போய்விடும். பஸ் ஸ்டாண்டில் துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தியை முதலில் கூட்டிவந்தேன். அவள் போய் அடுத்தவளிடம் சொன்னாள். இப்போது ஜாசின் பக்கத்து எஸ்டேட்டுகளில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் காஜா பேராங் பெரிம்மா வீடு என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

வீடு நம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. உன் கையெழுத்து இல்லாமல் லைசென்ஸ் கிடையாது என்கிறார்கள். அதற்கான விண்ணப்பப் பாரம் வாங்கி அனுப்பவா? ஒரு வரி எழுது.

சாரதாம்பாள்

•

ஈப்போ
20-4-1957

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பிள்ளைகள் சேதி அறிந்து சந்தோஷம். ஜெயபாலன் படிப்பு நடக்கிறது. அவனுக்கு இடம் பார்க்கிறோம்.

கையெழுத்து விஷயம். போட மாட்டேன். பாரம் அனுப்ப வேண்டாம்.

காரணம் கேட்பீர்கள். ஜெயபாலனுக்குப் பார்க்கும் பெண் வீட்டார், உங்கள் பிறந்த வீட்டை லாட்ஜ் ஆக்கிவிட்டார்களாமே என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். ரயில்வேயில் தலை நிமிர்ந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் இவர். இனி அந்த வீட்டுப் பேச்சே வேண்டாம் என்கிறார்.

அது இவர் காரணம். என் காரணம் வேறு. அம்மா திதிக்கு நான் பெட்டியோடு வந்து இறங்கியபோது பின்னறையில் யாரோ ஒரு கிழவர் இருமிக்கொண்டு படுத்திருந்தார். அது என் அறை. நான் ருதுவானபோது உட்கார்ந்திருந்த அறை. கல்யாணத்தன்று காலையில் நான் அழுத அறை. நீங்கள் எனக்குக் கூடத்தில் பாய் போட்டுவிட்டு, "ஒரு நாள்தானே, அனுசரிச்சுக்கோ" என்றீர்கள். அந்தக் கிழவருக்கும் ஒரு நாள்தானே. அவரை அனுசரிக்கச் சொல்லவில்லை.

இதை இவ்வளவு நாள் எழுதவில்லை. எழுதியிருக்கவும் கூடாது.

சிவகாமி

•

காஜா பேராங்
4-5-1957

சிவகாமி,

நீ சொன்னது சரி. அந்தக் கிழவருக்கு மறுநாள் காலையில் ஆபரேஷன். அதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ பெட்டியைத் தூக்கிய வேகத்தில் எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. காலைப் பலகாரத்துக்கு ஊறப்போட்ட உளுந்து அப்படியே கிடந்தது.

வேண்டாம் என்று நீ சொல்லியும் பாரத்தை இதோடு வைத்திருக்கிறேன். கோபப்படாதே. ஆபீசில் நல்லையா என்று ஒரு யாழ்ப்பாணத்துக் கிளார்க் இருக்கிறார். எல்லாம் இங்கிலீஷில் இருப்பதால் எந்தக் கோட்டில் என்ன எழுதுவது என்று பென்சிலால் தமிழில் குறித்துக் கொடுத்தார்.

இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். புதிதாக வந்த வெள்ளைக்காரர், தமிழ் தெரியாது. கூட வந்த மலாய்க்காரப் பியூன்தான் அவர் கேட்பதை எனக்கு மலாயில் சொன்னான். ஜன்னலை அளந்தார். பலகைத் தடுப்பைத் தட்டிப் பார்த்தார். வேறொரு ஊரில் இப்படிப் பலகை வைத்துத் தடுத்த வீட்டில் தீப்பிடித்து, யார் உள்ளே தங்கியிருந்தார்கள் என்றே தெரியாமல் போயிற்றாம். அவர் சொல்வதும் நியாயம்தான். தடுப்பை எடுத்துவிட்டேன். வருகிறவர்களுக்குத் தனிக் கக்கூஸ் வேண்டும் என்றார். கொல்லைப்புறத்தில் கட்டச் சொல்லிவிட்டேன். ஊரில் லைசென்ஸ் கட்டி ஓட்டல் நடத்துகிறவர்கள், வீடுகளில் இப்படி ஆள் வைக்கிறார்களே என்று எழுதிப் போட்டார்களாம். என்னிடம் வருகிறவர்கள் அந்த ஓட்டல் படியில் ஏறவே பயப்படுகிற ஜனங்கள். அதை யாருக்குச் சொல்வது?

இப்போது வருகிறவள் சீதா. ஜாசின் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். அவள் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் கட்டி. அறுத்து எடுத்துவிட்டார்கள். கழுத்திலிருந்து தாடை வரை கட்டுப் போட்டிருக்கிறது, பேசக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. சதையை எடுத்துப் பார்த்துத்தான் மறுபடி அறுக்க வேண்டுமா என்று சொல்வார்களாம். அதுவரை கட்டு மாற்ற அடிக்கடி வர வேண்டும். காலை ஆறரைக்கு வரிசையில் நிற்க வேண்டும், அவர்கள் எஸ்டேட்டிலிருந்து முதல் பஸ்ஸே எட்டு மணிக்குத்தான். முதல் நாளே வந்து எங்கேயாவது தங்காமல் முடியாது. நான் கஞ்சி வைத்தால் சீதா கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுகிறாள். ஊட்டும்போது, "நல்லா முழுங்குங்க, பெரிம்மா உப்பு போட்டுருக்காங்க, எங்க வீட்டுக் கஞ்சி மாதிரி இல்ல" என்று கேலி செய்வாள். அந்த மனிதன் கண்ணாலேயே சிரிப்பான்.

உன் அறையில்தான் தங்குகிறார்கள். மறைக்கவில்லை. மகன் ஜோகூர் பாருவிலிருந்து அனுப்புவது எனக்குப் போதும். சாயங்காலத்தில் இந்த வீடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது.

ஜூன் மாதத்தோடு கெடு முடிகிறது.

சாரதாம்பாள்

•

ஈப்போ
10-6-1957

அக்காவுக்கு,

இதை மருமகள் கடைக்குப் போகும்போது தபாலில் சேர்க்கக் கொடுக்கிறேன். பதில் போடும்போது இந்த விஷயத்தை எழுத வேண்டாம். கடிதங்களை இவர்தான் முதலில் பிரிப்பார்.

பாரம் பல நாள் அரிசித் தகரத்தின் அடியில் கிடந்தது. எடுப்பேன், வைப்பேன். நேற்று இவர் பஜனைக்குப் போயிருந்த நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பென்சிலில் குறித்த இடமெல்லாம் நிரப்பினேன். ஒரே ஒரு இடம் காலியாக விட்டிருக்கிறேன். அது ஒன்றும் பெரிதில்லை, ஆபீஸ்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்கு அனுப்பித் தாமதமாக வேண்டாம் என்று நேராக அந்த ஆபீசுக்கே அனுப்பிவிட்டேன்.

உங்களுக்காகப் போட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெண் கஞ்சி ஊட்டுவதை எழுதியிருந்தீர்கள். இவருக்குப் போன வருஷம் டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வீடு பக்கத்தில் இருந்தது.

என் அறையில் இருப்பவர்கள் ஜன்னலைச் சாத்தும்போது இடது கதவை முதலில் சாத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தாழ் விழாது.

சிவகாமி

•

காஜா பேராங்
14-7-1957

சிவகாமி,

எழுத வேண்டாம் என்றாய். இனி எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன. ஆபீசிலிருந்து உன் வீட்டுக்கே தபால் போயிருக்கும். மாப்பிள்ளை பிரித்திருப்பார்.

நீ காலியாக விட்டது, கணவர் பெயர் என்ற இடம். நல்லையா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான், "பேர நான் சொல்றேன், நீங்க எழுதிக்குங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "அம்மா, அவவே தன்ர கையால எழுத வேணும். எனக்கு விளங்குது. எங்கட அம்மாவும் அப்பான்ர பேர் சொன்னதில்லை. ஆனா பாரத்துக்கு விளங்காதே" என்றார். உன்னைக் குறை சொல்லவில்லை. அந்த இடத்தில் என் பேனாவும் நின்றிருக்கும். என் பாரத்தில் 'விதவை' என்று எழுதிவிட்டதால் எனக்கு அந்தக் கோடே வரவில்லை.

அதையாவது திருப்பி அனுப்பி எழுதி வாங்கலாம் என்றிருந்தார் நல்லையா. அதற்குள் மற்றது நடந்துவிட்டது.

கெடு முடிகிற வாரம் இன்ஸ்பெக்டர் கடைசியாகப் பார்க்க வந்தார். நான் ஜாலான் பெண்டஹாராவில் மளிகை வாங்கிக்கொண்டிருந்தேன். வீட்டில் சீதாவும் அவள் வீட்டுக்காரரும்தான். கதவைத் திறந்தவளிடம் நீ யார் என்று கேட்டிருக்கிறார். சீதா என்று சொல்லியிருக்கிறாள். உள்ளே படுத்திருக்கும் ஆள் யார்? வீட்டுக்காரர் என்று தமிழில் சொல்லியிருக்கிறாள், அது அவர்களுக்குப் புரியவில்லை. அவன் பெயர் என்ன என்று பியூன் மலாயில் கேட்டான். அது இவளுக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டாள். திரும்பக் கேட்டான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். படுத்திருந்தவனால் வாய் திறக்க முடியாது. அவனுடைய அடையாளக் கார்டு ஆஸ்பத்திரி ஆபீசில் இருந்தது. அவன் எழுந்து விரலால் காற்றில் என்னவோ எழுதிக் காட்டினானாம். அவனுக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும்.

நான் கூடையோடு வந்து நின்றபோது இன்ஸ்பெக்டர் கூடத்தில் இருந்தார். கோபமாகக்கூட இல்லை. பியூன் வழியாக என்னிடம் கேட்டார், "இந்த ஆள் பெயர் உங்களுக்குத் தெரியுமா?"

எனக்கும் தெரியாது, சிவகாமி. இத்தனை நாள் என் கையால் கஞ்சி குடித்தவன். தம்பி என்று கூப்பிடுவேன். அவள் வீட்டுக்காரர் என்பாள். பெயர் எங்களுக்குத் தேவைப்படவில்லை. அவனிடம் தாள் கொடுத்து எழுதி வாங்கிப் படிக்கவும் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

ஒரு பெண்ணும் பெயர் சொல்ல மாட்டாத ஓர் ஆணும் ஒரே அறையில். வீட்டுக்குச் சொந்தக்காரிக்கும் அவன் யார் என்று தெரியவில்லை. காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்காகப் போட்ட அவசரகாலச் சட்டம் இன்னும் எடுக்காத நேரத்தில் இதைக் கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எங்களில் பெண்கள் புருஷன் பேர் சொல்வதில்லை என்று பியூனிடம் எவ்வளவோ சொன்னேன். அவன் எடுத்துச் சொன்னான். இன்ஸ்பெக்டர் கூடத்துச் சுவரைப் பார்த்தார். பட்டமளிப்பு அங்கி போட்ட மகன், சந்திரமதி, கணேசமூர்த்தி, கருணாகரன் எல்லோரும் வரிசையாக இருக்கிறார்கள் அல்லவா. அவர் சொன்னதைப் பியூன், வயசில் பெரியவளைக் கூப்பிடும் மரியாதையோடு, எனக்குச் சொன்னான். "மக்சிக், படத்துல இருக்கறவங்க குடும்பம். படத்துல இல்லாதவங்க வெளியாள். இனிமே வெளியாள் வேண்டாம்னு துரை சொல்றார்." குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான்.

லைசென்ஸ் கிடையாது. காசு வாங்காமல் தங்க வைக்கிறேன் என்று ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். இத்தனை நாள் வாங்கிவிட்டு இப்போது வாங்கவில்லை என்றால் யார் நம்புவார்கள் என்றார்கள். உறவுக்காரர் வந்தாலும் முன்னதாகச் சொல்ல வேண்டும். மீறினால் கோர்ட்டு. வீடு இரண்டு பேர் பெயரில் இருப்பதால் சம்மன் உனக்கும் வரும்.

கட்டின புதுக் கக்கூஸ் பூட்டிக் கிடக்கிறது.

சாரதாம்பாள்

•

ஈப்போ
12-8-1957

அக்காவுக்கு,

இனி ஒளித்து எழுத வேண்டியதில்லை. தபாலை இவர்தான் பிரித்தார். பாரத்தை முழுதும் படித்தார். காலியான இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள். தன்னிடம் சொல்லாமல் போட்டதற்குச் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாப்பத்தஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணியும் என் பேர எழுத உனக்குக் கை வரல. ஆபீஸ்காரன் என்னடி நெனச்சிருப்பான், நான் செத்துட்டேன்னா?" என்றார். சிரித்தாரா கோபித்தாரா என்று இன்னும் தெரியவில்லை.

மறுநாள் அவரே அந்த இடத்தில் தன் பெயரை ரயில்வே எழுத்தில் பெரிதாக எழுதி, ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினார். கெடு முடிந்தது என்று ஒரு வரியில் திரும்பி வந்துவிட்டது.

சீதாவைப் பற்றி எழுதியதைப் படித்தேன். அவரிடமும் படித்துக் காட்டினேன். நானாக இருந்தாலும் தலையைத்தான் குனிந்திருப்பேன். அந்த ஆளுக்குக் கட்டு அவிழ்த்தார்களா?

புரட்டாசியில் அம்மா திதிக்கு வரலாம் என்று இருக்கிறேன். இவரும் வருகிறேன் என்கிறார். என் அறை காலியாக இருக்குமா என்று கேட்க வந்தேன். கேட்டுவிட்டு வெட்கமாக இருக்கிறது. காலியாகத்தானே இருக்கும்.

சிவகாமி

•

காஜா பேராங்
8-9-1957

சிவகாமி,

சந்திரமதி படிப்பை முடித்துக் கப்பல் ஏறிவிட்டாள். கருணாகரனுக்கு அரசாங்க ஆபீசில் வேலை, முதல் சம்பளம் சுதந்திர நாட்டில்தான் என்று எழுதியிருக்கிறான். கணேசமூர்த்தி மனித எலும்பைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு படிக்கிறானாம். எல்லாம் சந்தோஷமான சேதிதான். இதை எழுதும்போது முன்போல வேகம் வரவில்லை.

மெர்டேக்கா சுதந்திர நாளன்று ஊரே நிறைந்துவிட்டது. லாரி லாரியாக ஜனங்கள் கொடியோடு வந்தார்கள். நானும் ஒரு கொடி வாங்கி கேட்டில் கட்டினேன். ஓட்டல்களில் இடமில்லை என்று தமிழ் மறந்து மலாயே பேசும் பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் சொல்லிச் சிரித்தாள். கொண்டாட்டம் முடிந்து இரண்டொரு நாள் கழித்து, சாயங்காலம், சீதாவும் அவள் வீட்டுக்காரரும் கேட்டண்டை வந்து நின்றார்கள். ஆஸ்பத்திரியில் மறுநாள் காலை வரச் சொல்லியிருந்தார்கள். மறுபடி அறுப்பதா வேண்டாமா என்று சொல்லும் நாள். இங்கே நடந்தது அவளுக்குத் தெரியும். இருந்தும் வந்தாள், வேறு வாசல் தெரியாது.

நான் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே நின்றுகொண்டே, முடியாது சீதா, என்றேன். சம்மன் வந்தால் என் தங்கைக்கும் வரும் என்றேன். மாப்பிள்ளை கோர்ட்டில் வந்து நிற்பதை நினைத்தேன், ஜெயபாலனின் பெண் வீட்டை நினைத்தேன். உன் மேல் பழி போடுவதாக நினைக்காதே. என் கை தாழ்ப்பாளில்தான் இருந்தது, அதை நான் நீக்கவில்லை.

சீதா அவரைத் திரும்பிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பெரிம்மா, பேரு சொல்லிடறேன். அப்பாசாமி. இவுக பேரு அப்பாசாமி. அந்தத் தொரைகிட்ட சொல்லுங்க, இப்ப விடுவாகளா" என்றாள்.

அந்த மனிதன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கட்டு அவிழ்த்திருந்தது.

பேர் தெரிந்தாலும் உறவு இல்லை என்று சொல்லவா? தூக்குச் சட்டியில் கஞ்சி ஊற்றி கேட்டின் கம்பி வழியாகக் கொடுத்தேன். ஜாலான் துக்காங் எமாஸில் பிள்ளையார் கோயிலுக்குப் போங்கள், மண்டபத்தில் படுக்க விட்டாலும் விடுவார்கள் என்றேன். போனார்கள். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தேடினேன். வரிசையில் அவர்கள் இல்லை. முன்னதாகவே பார்த்துவிட்டுப் போனார்களா, வராமலே போனார்களா, நர்சுக்குத் தெரியவில்லை. அப்பாசாமி என்று பேர் சொல்லிக் கேட்டேன். எந்த எஸ்டேட் அப்பாசாமி என்றாள். ஜாசின் பக்கம் என்பதற்கு மேல் எனக்குத் தெரியாது. தூக்குச் சட்டி இன்னும் திரும்பி வரவில்லை. வந்தால் சேதியும் வரும் என்று கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திதிக்கு நீங்கள் இருவரும் வருவதை ஆபீசில் சொல்லப் போனேன். உறவு என்றால் தடை இல்லை என்றார் நல்லையா. ஆனால் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். அவர் சுவரைத்தான் பார்ப்பார். சுவரில் நீ பதினாறு வயசில், அம்மாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, இரட்டைச் சடையோடு நிற்கிறாய். மாப்பிள்ளை படமே இல்லை. பாதி வீட்டுக்குச் சொந்தக்காரியை அந்தச் சடைக்காரிதான் என்று நான் யாரிடம் நிரூபிப்பது?

அதனால் வருவதற்கு முன்னால் ஒரு காரியம் செய். அங்கே ஸ்டூடியோவில் இருவருமாகப் போய் ஒரு புதுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முகம் தெளிவாகத் தெரியட்டும். படத்துக்குப் பின்னால் உன் பெயரை நீ எழுது, அவர் பெயரை அவரே எழுதட்டும். மடங்காமல் அட்டை வைத்துச் சீக்கிரம் தபாலில் அனுப்பு. ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

சாரதாம்பாள்